சொன்ன பிறகே திரைக்கு

படகு கவிழ்ந்த மறுநாள் மாநகராட்சிக் கூடத்தில் பெரிய திரை ஒன்றை மாட்டினார்கள். பயணிகளின் பெயரும் நிலைமையும் அதில் ஓடின. அதைச் செய்து கொடுத்தவள் மாடியறையில் வேலை பார்த்த புரோகிராமர். அவளுடைய மாமாவும் அந்தப் படகில் போனவர்தான். அத்தை கீழே கூடத்தில் காத்திருந்தாள்.

திரைக்குப் பின்னால் இயங்கியது, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள். விவரங்களை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும். தனக்கென்று முகம் கிடையாது; 'ஹெட்லெஸ்' என்பார்கள். இணையதளம், செல்போன், கூடத்துத் திரை எல்லாம் அதனிடம் கேட்டு வாங்கிக் காட்டும். "தலையில்லாத சாமானா? நம்ம ஆபீசுக்குப் பொருத்தம்தான்" என்று மேலாளர் முன்பு கிண்டலடித்திருந்தார்.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்ததும், எழுத்தர் ஒரு பெயருக்கு எதிரே 'காணவில்லை' என்பதை 'இறந்தவர்' என்று மாற்றினார். அடுத்த நொடி கீழே ஓர் அலறல். கையில் டீயோடு நின்ற ஒரு தாய், மகன் செத்ததைத் திரையில் படித்திருந்தாள்.

புரோகிராமர் திரையை அணைத்துவிட்டு மேலாளரிடம் ஓடினாள்.

"நேர்ல போய்ச் சொல்லாம இனிமே எந்தச் சாவும் வெளிய போகக் கூடாது சார்."

"அதுல அப்படி வசதி இல்லைன்னு சொன்னியே?"

"இல்லதான். ஆனா உள்ள கைவைக்க யாரையும் கேக்க வேண்டியதில்ல. நானே எழுதிடறேன்."

மதியத்துக்குள் எழுதி முடித்துத் திரையை மறுபடி போட்டாள். 'குடும்பத்தாரிடம் சொல்லியாயிற்று' என்று ஒருவர் குறித்தால்தான் இனி அந்தச் செய்தி வெளியே போகும்.

சாயங்காலம் எழுத்தர் அவள் முகத்தைப் பார்க்காமலே, "கொஞ்சம் வந்து பாரும்மா" என்றார். ஆஸ்பத்திரி அனுப்பிய பட்டியலில் மாமாவின் பெயர்.

"வேற யாரையாவது அனுப்பட்டுமா?"

"வேணாம். நானே போறேன்."

அத்தையின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள்.

"கிடைச்சுட்டாரா?" என்று அத்தையே கேட்டாள்.

"கிடைச்சுட்டார் அத்தை. உயிரோட இல்ல."

அத்தை அழவில்லை. "மகன் பஸ்ல வந்துட்டிருக்கான். போன்ல பாத்தான்னா வழியிலயே இடிஞ்சு போயிடுவான். அவன் வர்ற வரைக்கும் போடாதடி" என்றாள்.

குறித்தாயிற்றா என்று மேலாளர் ஆள்மேல் ஆள் அனுப்பிக் கேட்டார். "இன்னும் சொல்லி முடியல" என்றே பதில் போனது. மகன் வந்து, தாயின் மடியில் விழுந்து அழுத பிறகுதான் மாடியேறிப் போய்க் குறித்தாள்.

துக்கம் கழிந்து வேலைக்குத் திரும்பியதும், தான் எழுதியதை அந்த மென்பொருளைப் பொதுவில் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினாள். குறிப்பதற்கு ஒருவர் போதுமா, இருவர் வேண்டாமா என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

'ஒருவர் போதும். போய்ச் சொன்னவரே குறிக்க வேண்டும்' என்று எழுதினாள். அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.