ஐந்தாவது டைல்

தகனத்துக்குக் கிளம்புவதற்காக அவள் ஒரு காலைச் செருப்பில் நுழைத்திருந்தபோதுதான் நகராட்சி ஆய்வாளர் வந்து சேர்ந்தார். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் வருவதாகச் சொல்லியிருந்த மனிதர், சரியாகப் பத்தரைக்கு. பதினொன்றரைக்குத் தகனம். அப்பாவின் சவப்பெட்டி ஏற்கெனவே மயானத்துக்குப் போய்விட்டது.

"வீட்டுல ஏதாவது விசேஷமா?" என்று கறுப்புச் சட்டைகளைப் பார்த்துக் கேட்டார்.

"அப்பா தவறிட்டாங்க. முந்தாநாள்."

"அடடா. தேதியை மாத்தியிருக்கலாமே."

மாற்ற மாட்டாளா? தொலைபேசியில் நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்டதுதான் மிச்சம். இணையதளத்தில் காரணம் கேட்ட கட்டத்தில் உடல்நலக்குறைவு, பயணம், மோசமான வானிலை என்று மூன்றுதான் இருந்தன. சாவுக்கு இடமே வைக்கவில்லை. வெள்ளிக்கிழமையோடு கட்டட அனுமதி முடிகிறது. அதற்குள் ஆய்வாளர் குழாயைப் பார்த்துக் கையெழுத்துப் போடாவிட்டால், கீழ்த்தளக் குளியலறை அனுமதியில்லாத கட்டடம். சுவர் முழுக்க இடித்துக் காட்ட வேண்டும். மற்ற எது போனாலும் அந்தச் சுவர் போகக் கூடாது என்றிருந்தது அவளுக்கு.

மாடி ஏற முடியாத அப்பாவுக்காகத்தான் அந்தக் குளியலறை. இந்த நாட்டில் வரைபடத்துக்கு உரிமம் உள்ள ஒருவர், குழாய்க்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், இவர்களுக்கெல்லாம் உரிமம் இருக்கிறதா என்று சரிபார்க்க நகராட்சிக்கு ஒரு கட்டணம். ஊரில் ஒரு வீடே கட்டி முடித்திருக்கலாம். நாற்பது வருஷம் கொத்தனாராக இருந்த அப்பா ஒவ்வொரு ரசீதையும் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"நாலு செங்கல்லு வைக்க இத்தனை கையெழுத்தாம்மா?"

டைல் பதிக்க மட்டும் உரிமம் தேவையில்லை என்று யாரோ அவரிடம் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். குழாயை ஆய்வாளர் பார்த்த பிறகுதான் சுவரை மூடலாம் என்று அவளும் பத்துத் தடவை சொன்னாள். மூன்று வாரமாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்த சுவர் அவருக்கு மானப் பிரச்சினை. அவள் வேலைக்குப் போன இரண்டே நாளில், உட்கார்ந்தபடியே மூடி, டைலும் பதித்துவிட்டார். நூல் பிடித்த மாதிரி இருந்தது.

அவள் வாய்க்கு வந்தபடி பேசினாள். "யாருப்பா உங்களைச் செய்யச் சொன்னது? உதவி பண்றேன்னு உபத்திரவம் பண்றீங்க. இப்ப எல்லாத்தையும் பேத்தெடுக்கணும்."

 மறுநாள் மாலை அவள் திரும்பியபோது, அப்பா குளியலறையில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். மடியில் உளி. பக்கத்தில் நான்கு டைல்கள், ஒன்றுகூடக் கீறாமல், இடையிடையே செய்தித்தாள் வைத்து அடுக்கியிருந்தன. தூக்கத்தில் போய்விட்டார் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். சொன்ன பேச்சை ஆயுசுக்கும் கேட்காத மனுஷன், கடைசியாக இதைப் போய்க் கேட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அப்பா டைல் எடுத்திருந்த திறப்புக்குள் ஆய்வாளர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"குழாய் தெரியுது. ஜாயின்ட் தெரியலையே. இந்தப் பக்கம் இன்னும் ஒண்ணு எடுத்தாப் போதும்." பிறகு அடுக்கைப் பார்த்தார். "இதெல்லாம் யார் எடுத்தது? லைசென்ஸ் உள்ள ஆளா?"

மூன்று நாளாக வராத கோபம் அவளுக்கு இப்போது வந்தது. "இல்ல. எங்கப்பா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். "எடுக்கிறதுக்கு விதி எதுவும் இல்லம்மா" என்றார்.

அதற்குள் கணவன் சுத்தியலோடு வந்துவிட்டான். "தள்ளு. ரெண்டே தட்டு. அங்க எல்லாரும் உனக்காகத்தான் நிக்கறாங்க."

"நீங்க தட்டினா சுத்தியிருக்கறதும் விரிஞ்சிடும்."

"விரிஞ்சா புதுசு போட்டுக்கலாம்."

"புதுசு வேண்டாம். நீங்க போய் வண்டியை எடுங்க."

அப்பாவின் உளியை எடுத்துக்கொண்டு அதே வாளிமேல் உட்கார்ந்தாள். டைலைச் சுற்றியிருந்த சாந்தைச் சுரண்டினாள். சிறு வயதிலிருந்து பார்த்த வேலைதான், ஆனால் கைக்குத் தெரியவில்லை. மேல் ஓரம் விட்டது. பக்கங்களும் விட்டன. அடியில் உளியை நுழைத்து மெல்ல நெம்பினாள். டைல் இரண்டாக விண்டு மடியில் விழுந்தது.

ஆய்வாளர் குனிந்து படம் எடுத்தார். காகிதத்தை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, வாஷ்பேசின் விளிம்பில் வைத்தார். "எல்லாம் சரியா இருக்கு. வரேன்மா."

வெளியே கார் ஹாரன் அடித்தது. அவள் ஒரு செய்தித்தாளை மடித்து அந்த நான்கு டைல்களின் மேல் போட்டாள். உடைந்த பாதிகளை அதன்மேல் வைத்து, விரிசல் சேரும்வரை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தாள்.