கொடிக்கு அடியில் மட்டும் பன்றி வரவில்லை

நீங்கள் குச்சி என்று கூப்பிடும் நான்தான் பேசுகிறேன், நம் குடும்பக் குரூப்புக்கு. வயது இருபத்து மூன்று. இப்போது இருப்பது கம்பெனி வேனின் பின்பக்கம், இரண்டு உர மூட்டைக்கும் புல்வெட்டும் மெஷினுக்கும் நடுவில். கை முழுக்கச் சேறு. அதனால் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. மாமா சாப்பிடப் போயிருக்கிறார். அவர் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

அப்பா நேற்று அனுப்பிய குரல் செய்தியை நாலு தடவை கேட்டேன். "ஞாயித்துக்கிழமை உன் மாமாவுக்கு நானே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுடறேன். நீ வாயைத் திறக்காத. அவரு கையெழுத்துப் போட்டாத்தான் நீ அங்க இருக்க முடியும்" என்கிறார். இதில் கையெழுத்து மட்டும்தான் உண்மை. இந்த மாதக் கடைசியில் என் வேலை அனுமதி முடிகிறது. நீட்டிக்க வேண்டுமென்றால் 'இவன் வேலை திருப்தி' என்று கம்பெனிக் கடிதம் வேண்டும். அதில் மேஸ்திரி கையெழுத்துப் போட வேண்டும். மேஸ்திரி நம் மாமா.

மன்னிப்பு எதற்காம்? நான் புழு மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீரைத் தெளித்துவிட்டு வந்தேனாம், அதனால் பன்றி வந்து ஒரு பெரிய மனிதர் வீட்டுப் புல்தரையை உழுதுவிட்டதாம். மாமா சொன்னால் உங்களுக்கு அது கல்வெட்டு. நடந்ததை நான் சொல்கிறேன்.

முதலில் மாமாவைப் பற்றி. நீங்கள் நினைப்பது போல அவர் இங்கே கம்பெனியையே தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அவருக்குக் கீழே மொத்தம் ஒரே ஆள். அந்த ஆள் நான். பதினெட்டு வருடமாகத் தோட்ட வேலை பார்க்கிறார், அவர் கையில் ஒரு காய்ப்பு கிடையாது. தொண்டையில் வேண்டுமானால் இருக்கும். யார் போன் செய்தாலும் ஸ்பீக்கரில் போட்டு, ஆள் கூடுகிற இடமாகப் பார்த்து நின்று பேசுவார். அம்மா "அண்ணா, நீங்கதான் எங்களுக்குத் தெய்வம்" என்று சொன்னதை ஆபீஸ் மொத்தமும் கேட்டது. டீ மெஷின் பக்கத்தில் நின்று மூன்று பேர் கேட்டார்கள். மாமா தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தார்.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்டா" என்பது அவர் தினமும் சொல்வது. புல்லைத் தவிர வேறு ஆயுதம் அவரிடம் இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற எஞ்சினியர். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஸ்கேல்காரர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல் இருக்கும். குனிந்து புல்லின் உயரத்தை அளப்பார். "இங்க மூணு மில்லிமீட்டர் கூட இருக்கே" என்பார். அவருடைய புல்லை வெட்டும்போது முடிதிருத்துபவனுக்கு வருகிற பயம் எனக்கு வரும்.

ஒரு நாள் காலையில் அந்தப் புல்தரை ஓரத்தில் நாலைந்து இடம் பெயர்ந்து கிடந்தது. காட்டுப்பன்றி. அந்தத் தெரு காட்டை ஒட்டி இருக்கிறது. ஸ்கேல்காரர் பன்றியை ஒழிக்கக் கிளம்பிவிட்டார். மரத்தில் ரேடியோ கட்டினார். சலூனிலிருந்து முடி வாங்கி வந்து தூவினார். மிளகாய்த்தூள் போட்டார், அது காற்றில் பறந்து அவர் கண்ணிலேயே விழுந்தது. பன்றி ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டே தோண்டியிருக்கும்.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பதென்றால் இதுதான். பன்றி புல்லுக்காக வரவில்லை. புல்லுக்கு அடியில் வேர்ப்புழு இருக்கிறது. கட்டைவிரல் நுனி அளவு, வெள்ளையாக, கொழுகொழு என்று, அரை வளையமாகச் சுருண்டு படுத்திருக்கும். வண்டு முட்டையிட்டு வருகிற புழு. வேரைத் தின்று தீர்த்துவிடும். அந்த இடத்தில் புல்லைப் பிடித்து இழுத்தால் பாய் மாதிரி கையோடு வந்துவிடும். கோடை முழுக்க அந்த மனிதர் தினமும் தண்ணீர் விட்டு மண்ணைப் பஞ்சாக வைத்திருந்தார். வண்டுக்குப் பிரசவ வார்டு கட்டிக் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தின்ன வந்த பன்றியைத் திட்டினார்.

கம்பெனி நாலு பாக்கெட் மருந்து கொடுத்தது. மருந்து என்று சொல்கிறோமே தவிர, அது உயிருள்ளது. கண்ணுக்குத் தெரியாத நூல் மாதிரிப் புழுக்கள், ஈரக் களிமண்ணில் கலந்து வரும். தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் மண்ணுக்குள் இறங்கி வேர்ப்புழுவின் உடம்புக்குள் புகுந்து கொன்றுவிடும். ஆனால் வெயில் பட்டால் இவையே செத்துப்போகும். பாக்கெட்டின் பின்னாலேயே போட்டிருக்கிறது: குளிரில் வைக்கவும், மண்ணை நனைத்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கவும்.

மாமா உச்சிவெயிலில் வேனை நிறுத்தினார்.

"மாமா, சாயங்காலம் அடிக்கணும்னு இதுல போட்டிருக்கு."

"சாயங்காலம் அவரு வாக்கிங் போயிடுவாருடா. நாம வேலை செய்யறதை யாரு பாக்கறது?"

"வெயில்ல மேல் மண்ணு வேற காஞ்சு கிடக்கு மாமா. இது செத்துப்போயிடும்."

"பாக்கெட்டைப் படிச்சு வேலை பாக்கறவன் கடைசி வரைக்கும் பாக்கெட்டாவே இருப்பான். கரைடா."

கரைத்தேன். ஸ்கேல்காரர் நிழலில் நாற்காலி போட்டுப் பார்த்தார். மாமா தொப்பியைக் கழற்றி, நெற்றி வியர்வையைச் சுண்டி, தெளிப்பானை வீணை மாதிரி பிடித்துக்கொண்டு முன்பக்கம் முழுக்க அடித்தார். கோடிக்கணக்கான உயிர்கள் அந்தக் கொதிக்கிற புல்லில் பொரிந்தன. மூன்று பாக்கெட் முடிந்தபோது மாமாவுக்குப் பசி வந்துவிட்டது. வீட்டின் பின்பக்கம் பாக்கி இருந்தது.

"மிச்சத்தைக் குப்பையில போடு. முன்னாடி அடிச்சாப் போதும், பின்னாடி யாரு பாக்கறா?"

நான் போடவில்லை. என் சாப்பாட்டுப் பையில் ஐஸ் கட்டி வைத்திருப்பேன், அதற்குள் வைத்தேன். தைரியம் எல்லாம் இல்லை. நாளைக்குக் கணக்குக் கேட்டால் என் தலையில்தான் விடியும் என்கிற பயம். சாயங்காலம் ஆறு மணிக்கு நானே பஸ் பிடித்துப் போனேன். பின்பக்கம் துணிக்கொடிக்கு அடியில் ஒரு நீளத் துண்டு புல். முதலில் மண்ணை நனைத்தேன், பிறகு மருந்து தெளித்தேன், மறுபடி தண்ணீர் விட்டேன். அந்த அவசரத்தில் கொடியில் தொங்கிய போர்வையில் பட்டுவிட்டது. வீட்டுக்காரம்மா துணி எடுக்க வந்தவர் பார்த்துவிட்டார்.

"கண்ணு எங்கப்பா இருக்கு? காலையிலேருந்து காய வெச்சது! மருந்துத் தண்ணியை என் போர்வைமேல பீச்சறியே, இதை நான் போத்திக்கிறதா வேண்டாமா?"

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதோடு விடவில்லை, ஆபீசுக்கும் போன் செய்து புகார் கொடுத்தார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் மாமாவிடமும் எதுவும் சொல்லவில்லை. கோழை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று வாரம் போனது. போன செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்கேல்காரர் கூப்பிட்டார். போனோம். முன்பக்கம் ஏர் பூட்டி உழுத வயல். புல் கம்பளம் கம்பளமாகப் புரண்டு கிடந்தது. மேலே காக்காய் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஸ்கேல்காரர் ஸ்கேலை எடுக்கவே இல்லை. அளப்பதற்கு ஒன்றும் நிற்கவில்லை.

"மருந்து அடிச்சீங்களே, என்னய்யா இது?" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு இரக்கம் இருந்தது பாருங்கள், வெட்டப்போகிற ஆட்டைத் தடவிக் கொடுப்பவனின் இரக்கம்.

"சார், உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு? நான் ஒரு ஓரம்தான் அடிச்சேன். மீதியைப் பையன்கிட்ட விட்டேன். வெறும் தண்ணியை அடிச்சிட்டு ஏமாத்திட்டான் போல. சொந்தக்காரப் பையன்னு பாவம் பாத்தேன், என்னைச் சொல்லணும்."

அவர் தொப்பியைக் கழற்றி வியர்வை சுண்டியதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவர் இந்த ஸ்கேல்காரர். அவருக்கு அது ஞாபகம் இல்லை. மூன்று மில்லிமீட்டர் தெரிகிற கண்ணுக்கு எதிரில் நின்ற ஆள் தெரியவில்லை.

அப்போது பின்பக்கமிருந்து வீட்டுக்காரம்மா குரல் கொடுத்தார். "இங்க வந்து பாருங்க, கொடிக்கு அடியில மட்டும் ஒண்ணுமே ஆகலை!"

போய்ப் பார்த்தால், பன்றி வேலி வரை உழுதுகொண்டு வந்து, அந்தத் துண்டுக்கு முன்னால் கோடு கிழித்த மாதிரி நின்றுவிட்டது. புல் பச்சைப் பசேலென்று நிற்கிறது.

மாமா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "அதான் சார் நான் சொன்ன ஓரம். நான் அடிச்சது."

பன்றியைப் பார்த்தும் எனக்கு அருவருப்பு வந்ததில்லை. புழுவை வெறும் கையால் எடுத்திருக்கிறேன். அந்த நிமிடம் வந்தது.

மண்வெட்டியை எடுத்தேன். முன்பக்கம் உழாமல் மிஞ்சியிருந்த இடத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி, மூன்று பக்கம் வெட்டி, புல்லைப் போர்வை மடிப்பது போல மடித்தேன். இருபத்தேழு புழு, உயிரோடு நெளிந்தன. கொடிக்கு அடியிலும் அதே மாதிரி வெட்டினேன். ஐந்து கிடந்தன, ஐந்தும் பழுப்பு நிறத்தில் தொளதொளவென்று செத்தவை.

ஸ்கேல்காரர் குனிந்து பார்த்தார். "பின்னாடி எப்ப அடிச்சீங்க?" என்று மாமாவைக் கேட்டார்.

"அன்னைக்கே சார். மத்தியானம், பையன் முன்னாடி அடிக்கும்போதே."

"மத்தியானமா?" என்றார் வீட்டுக்காரம்மா. "மத்தியானம் பூரா நான் இங்கதான் துணி காயப் போட்டுட்டு இருந்தேன். ஒரு ஈ காக்கா வரலை. சாயங்காலம் இந்த ஒல்லிப் பையன்தான் வந்து நின்னான். என் போர்வையை நாசம் பண்ணினானே, மறப்பேனா? இன்னும் அந்தக் கறை போகலை!"

மாமா செருப்பு நுனியால் மண்ணைத் தள்ளி அந்தச் செத்த புழுக்களை மூடினார். அந்தப் பதினெட்டு வருட அனுபவசாலி செய்து நான் பார்த்த மண் வேலை அது ஒன்றுதான்.

ஸ்கேல்காரர் எனக்கு நியாயம் சொன்னார் என்று நினைக்காதீர்கள். "யாரு அடிச்சீங்கங்கறது எனக்கு வேண்டாம். பின்னாடி அடிச்ச மாதிரி முன்னாடியும் அடிக்கணும், அவ்வளவுதான்" என்று உள்ளே போய்விட்டார்.

வேனில் ஏறியதும் மாமா சொன்னார்: "போர்வைக்காரி பேச்சைக் கேட்டு உனக்கு யாரு கடிதம் குடுப்பா? உங்கப்பனை எனக்குப் போன் பண்ணச் சொல்லு. 'என் பையன் பண்ணது தப்பு'ன்னு அவரு வாயால சொல்லட்டும். அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

அன்றைக்கே உங்களுக்கும் போன் போட்டு அழுதிருக்கிறார். நீங்களும் உருகியிருக்கிறீர்கள்.

நான் நேற்று ஆபீசில் உட்காரும் அக்காவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புகார் நோட்டைப் புரட்டினார். என்மேல் வந்த ஒரே புகார் அதில் இருக்கிறது. தேதி, மாலை ஆறு பத்து, பின்பக்கத் துணிக்கொடி, ஒல்லிப் பையன் தெளித்த மருந்து, போர்வை. அவர் சிரித்துவிட்டார்.

"திட்டு வாங்கினதுக்கு ரசீது இருக்கு தம்பி உனக்கு. திங்கக்கிழமை முதலாளி வர்றாரு. மேஸ்திரி போடலைன்னா அவரே கையெழுத்துப் போடலாம். ரெண்டு பேரையும் கேப்பாரு. அதுக்குள்ள நீயோ உன் ஆளுங்களோ தப்புன்னு ஒத்துக்கிட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

இப்போது புரிகிறதா? அப்பா ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். மாமா அன்றைக்கு ஆபீஸ் தங்குமிடத்தில்தான் இருப்பார், பத்துப் பேருக்கு நடுவில். ஸ்பீக்கரில் போடுவார். 'என் பையன் பண்ணது தப்பு' என்று அப்பா சொன்னதைத் திங்கட்கிழமை பத்துப் பேரும் முதலாளியிடம் சொல்வார்கள். நோட்டில் இருக்கும் போர்வை அப்பாவின் குரலுக்கு முன்னால் நிற்காது.

மாமா பல் குத்திக்கொண்டே வருகிறார். நிறுத்துகிறேன்.

இதை முதலில் யார் பார்த்தாலும், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். மாமாவுக்குப் போன் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை வரைக்கும் மாமாவின் போனை நீங்களும் எடுக்க வேண்டாம்.