முதலாளியம்மாவின் முழுத் தட்டு

கடையின் ஷட்டரில் தொங்கிய அறிவிப்பு, கடையின் பெயர்ப்பலகையைவிடச் சற்றுப் பெரியது. 'உரிமையாளர் குடும்பத்துடன் வெளிநாட்டுப் பயணம். ஒரு வாரம் விடுமுறை.' வெளிநாட்டு என்ற சொல் மட்டும் சிவப்பில். எதிர்வரிசையில் இருக்கும் இன்னொரு இனிப்புக் கடைக்காரர் தன் கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே அதைப் படிக்க வேண்டும் என்பதற்காக, முதலாளி ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்துவிட்டு வந்து அறிவிப்பை இரண்டு முறை உயர்த்திக் கட்டச் சொன்னார்.

அவருக்கு ஓய்வு தேவைப்படவில்லை. புது அயிட்டம் தேவைப்பட்டது. எதிர்க்கடைக்காரர் எங்கிருந்தோ பச்சை நிறத்தில் ஓர் இனிப்பைக் கொண்டுவந்து, 'ஃபாரின் அயிட்டம்' என்று கண்ணாடிப் பெட்டியின் நடுவில் வைத்ததிலிருந்து முதலாளிக்குச் சரியான தூக்கமில்லை. அந்த ஃபாரின், பக்கத்துத் தெரு மளிகைக் கடையில் விற்கும் கலர் பொடிதான் என்பது அவருக்குத் தெரியும். அதே பொடியைத்தான் அவரும் வாங்குகிறார்.

முதலாளியம்மாவின் தேவை வேறு. கல்யாணமான நாளிலிருந்து கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அவர். சுற்றிலும் தட்டுத் தட்டாக இனிப்பு. கணவரோடு உட்கார்ந்து ஒன்றைக்கூட முழுசாகச் சாப்பிட்டதில்லை. விருந்துக்குப் போனால் முதலாளி முதலில் தன் தட்டிலுள்ளதைப் பிய்த்து, மோந்து, விளக்கு வெளிச்சத்தில் காட்டி, ஒரு விள்ளலை நாக்கில் வைத்து, "டால்டா" என்பார். பிறகு, ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாதல்லவா, மனைவியின் தட்டிலிருந்து எடுத்து அதையும் பிய்ப்பார். நியாயமான மனிதர்.

"ஒரே ஒரு தட்டுங்க," என்றார் முதலாளியம்மா, டிக்கெட் எடுப்பதற்கு முன்பே. "என் கையில வாங்கி, உக்காந்து, முழுசா சாப்பிடணும். நீங்க அதைத் தொடக் கூடாது. அப்படின்னா வரேன்."

"சாமி சத்தியமா தொடமாட்டேன்."

"சாமி வேணாம். கடைக்கு வர்றவங்க கிட்டயெல்லாம் சுத்தமான நெய்யின்னு அவர் மேலதான் சத்தியம் பண்றீங்க. அவரும் பழகிட்டாரு. அந்தப் பெரிய கடாய் மேல கை வைங்க."

முதலாளி தயங்கினார். கடாய் வேறு விஷயம். கடைசியில் அதன் விளிம்பில் இரண்டு விரலை மட்டும் வைத்து, வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். சத்தியம் என்று அதை எடுத்துக்கொண்டார்கள்.

வழிகாட்டியாக முதலாளியம்மாவின் தம்பி வந்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. அந்த நாட்டைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அவனுடைய போனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினான். பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்லும் வசதியும் அதில் இருந்தது.

தங்கிய விடுதிக்குப் பின்புறமே சாப்பாட்டுத் தெரு. பொழுது சாய்ந்ததும் இரண்டு பக்கமும் தள்ளுவண்டிகள் வரிசை கட்டின. அடுப்புகள் சீறின. ஆவி, புகை, காய்ந்த எண்ணெய், உருகிய சர்க்கரை எல்லாம் கலந்த ஒரு வாசனை. நடுவில் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்கள். முதலாளியம்மா முதல் நாள் தெருமுனையில் நின்று ஒரு மூச்சு இழுத்தார். அவர் மொத்தப் பயணத்திலும் இடையூறு இல்லாமல் அனுபவித்த முதல் பொருள் அந்தக் காற்று. அடுத்தது கிடைக்கக் கொஞ்சம் நாளானது.

முதலில் ஒரு கிண்ணம் குளிர்ந்த பால் இனிப்பு வாங்கினார். ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோவதற்குள், "இரு, இரு" என்ற குரல் வந்தது.

"தட்டைத்தானே தொட மாட்டேன்னேன். இது கிண்ணம்," என்று முதலாளி ஸ்பூனை வாங்கிக்கொண்டார். ஒரு நக்கு நக்கிவிட்டுக் கண்ணை மூடினார். "பவுடர் பாலு." சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இன்னொரு ஸ்பூன். பிறகு பாலைச் சுண்டக் காய்ச்சுவதைப் பற்றி மச்சினனுக்கு ஒரு விளக்கம். விளக்கம் முடிந்தபோது இனிப்பு உருகி, கிண்ணத்தில் குடிக்கும் பதத்தில் பால்தான் இருந்தது.

அடுத்து, குச்சியில் செருகிய பழங்கள், மேலே கண்ணாடி மாதிரிச் சர்க்கரைப் பூச்சு. அது கிண்ணமும் இல்லை, தட்டும் இல்லை. அதனால் சத்தியத்துக்கு வெளியே. பூச்சு உடையும் சத்தத்தைக் காதருகே வைத்துக் கேட்டார் முதலாளி. சத்தம் நன்றாகத்தான் இருந்தது. பழம்தான் தெருவில் உருண்டது.

மறுநாள் இலையில் மடித்து வேகவைத்த ஏதோ ஒன்று. அதைப் படம் எடுப்பதற்காக அக்கக்காகப் பிரித்து, உள்ளே இருந்த பூரணத்தை ஒரு பக்கமும் மாவை ஒரு பக்கமும் பரப்பி வைத்தார். பிரேதப் பரிசோதனை அறையில்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்வார்களா தெரியவில்லை.

"மாமா, அது அக்காவோடது," என்றான் தம்பி.

"தொழில் ரகசியம்டா மாப்ளே. உனக்குப் புரியாது."

அன்று விடுதி அறையில் முதலாளியம்மா கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கெட் சாப்பிட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த பிஸ்கெட். பாக்கெட்டை மடித்து வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"நாளைக்கு ஒரு தட்டு வாங்குவேன். உங்க விரலு அது பக்கம் வந்துச்சுன்னா, ஊருக்குப் போனதும் கல்லாவுல நீங்களே உக்காந்துக்குங்க. நான் வீட்ல டிவி பாக்கறேன்."

முதலாளியின் முகம் வெளிறியது. அவர் கல்லாவில் உட்கார்ந்த ஒரே நாளில் மூன்று பழைய வாடிக்கையாளர்கள் சண்டை போட்டுக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனது அவருக்கு நினைவிருந்தது. அவர்களில் ஒருவர் அவருடைய சொந்தச் சித்தப்பா.

மூன்றாம் நாள் சாயங்காலம் முதலாளி இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தார். மனைவியின் உத்தரவு. தெருவின் நடுவில், இருப்பதிலேயே நீளமான வரிசை ஒரு வண்டிக்கு முன்னால் நின்றது. தொப்பி போட்ட, நல்ல ஆகிருதியான ஓர் அம்மாள், ஒரே ஆளாக மாவை முறுக்கி எண்ணெயில் விட்டு, பொன்னிறமானதும் அள்ளிப் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்த பாகில் போட்டுக்கொண்டிருந்தாள். முக்கி எடுத்ததும் தட்டில் நான்கு. அவ்வளவுதான். எதிர்க்கடைக்காரரின் பச்சையை ஒழித்துக்கட்டும் அயிட்டம் இதுதான் என்று முதலாளிக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

வரிசை நகர்ந்தது. முதலாளியம்மாவுக்கு முன்னால் இரண்டே பேர். முதலாளி வண்டியின் ஓரத்தில், பாகுப் பாத்திரத்துக்கு நேராக வந்து நின்றார். கைகள் பைக்குள்தான் இருந்தன.

பாகு கொதித்தது. குமிழி பெரிதானது. முதலாளிக்கு நெற்றி வியர்த்தது. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பியிருந்த அந்த அம்மாள் பாகைப் பார்க்கவே இல்லை. இனிப்பு வேலை செய்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பாகில் ஒரு சொட்டைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். நூல் மாதிரிக் கம்பி விழுந்தால் பதம். கொதிக்கும் பாகைப் பார்த்ததும் முதலாளியின் விரல்கள் முப்பது வருடமாக யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

வலது கை பையிலிருந்து வந்தது. விரல் பாகின் ஓரத்தைத் தொட்டது. இழுத்துப் பார்த்தார். பிறகு, கடையில் செய்வதுபோலவே, விரலை நக்கினார். கம்பியில் சந்தேகம் இருந்ததால், நக்கிய அதே விரலை மறுபடியும் பாகில் விட்டார்.

அவருடைய கடையில் இதற்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. சமையல்கட்டுக்குக் கதவு இருக்கிறது. இங்கே கதவு இல்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

தொப்பிக்கார அம்மாள் கத்திய கத்தலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இருந்தும் தம்பி கடமை தவறாமல் போனை நீட்டினான். போன் சிறிது யோசித்துவிட்டு, "மரியாதைக்குரிய ஐயா" என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் சொல்ல அதற்கே கூச்சமாக இருந்ததோ என்னவோ, நின்றுவிட்டது.

அவள் பாத்திரத்தைத் துணி வைத்துத் தூக்கி, மொத்தப் பாகையும் சாக்கடையில் ஊற்றினாள். வரிசையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. முதலாளியம்மாவுக்கு முன்னால் அப்போது யாருமே இல்லை. அவர் தட்டுக்காக நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அவர் சாக்கடையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"கம்பி வரலம்மா," என்றார் முதலாளி பரிதாபமாக. "அதான்..."

தொப்பிக்கார அம்மாள் இப்போது வேறு ஏதோ புலம்பினாள். போன் இந்த முறை ஒழுங்காகச் சொன்னது: பாகு காய்ச்சுவது என் புருஷன் வேலை, அவருக்குக் காலில் அடிபட்டு வீட்டில் கிடக்கிறார், நாலு நாளாக ஒண்டியாக அல்லாடுகிறேன், இந்த ஆள் யார்?

தம்பி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். முதலாளியம்மா போனை வாங்கிக்கொண்டார். கல்லாவில் சித்தப்பா மாதிரி ஆட்களைச் சமாளிக்கும் அதே குரலில், வார்த்தை வார்த்தையாகப் பேசினார்:

"இவரு பாகு காய்ச்சுறவரு. நல்லாக் காய்ச்சுவாரு. வச்சுக்குங்க."

"ஏய், என்ன சொல்ற நீ?"

"தொப்பி இருந்தா ஒண்ணு குடுங்க," என்று முதலாளியம்மா போனிடம் தொடர்ந்தார். "முடி கொட்டுது அவருக்கு."

அம்மாள் முதலாளியை மேலும் கீழும் பார்த்தாள். கொதிக்கும் பாகைத் தொட்டும் சிவக்காத அந்த விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு புருஷனின் ஏப்ரனையும் தொப்பியையும் அவர்மேல் போட்டு, சர்க்கரை மூட்டையைக் காட்டினாள். முதலில் கையைக் கழுவவைத்தாள். இரண்டு முறை.

வரிசையில் யாரோ கைதட்டினார்கள். முதலாளி பாகு கிண்டும் துடுப்பைக் கையிலெடுத்தார். வேலை தொடங்கிய இரண்டாவது நிமிடமே தகராறு. பாகு இளகலாக இருக்கும்போதே அவள் அடுப்பைக் குறைக்கச் சொன்னாள். அவர் இரண்டு விரலை ஆட்டிக் கம்பி, கம்பி என்றார். அவள் கரண்டியால் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். முதலாளி அடுப்பைக் குறைத்தார். அவர் இன்னொருவர் சொல்லிக் கேட்டதை முதலாளியம்மா அன்றுதான் பார்த்தார். அதற்கே டிக்கெட் காசு சரியாகப் போயிற்று.

தட்டு வந்தது. நான்கு துண்டு. முதலாளியம்மா பிளாஸ்டிக் ஸ்டூலை அடுப்புக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் துண்டைக் கடித்ததும் மொறுமொறுப்பு உடைந்து, உள்ளே இருந்த சூடான பாகு மோவாயில் வழிந்தது. துடைக்கவில்லை. இரண்டாவதை மெதுவாகச் சாப்பிட்டார். மூன்றாவதை அதைவிட மெதுவாக.

"எப்படி இருக்கு?" என்றார் முதலாளி, கிண்டிக்கொண்டே.

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? பாகு உள்ள ஏறியிருக்கா? மாவுல புளிப்பு தெரியுதா? என்ன எண்ணெய்?"

"நல்லா இருக்குங்க."

"ஒரு விள்ளல் குடேன், பாத்துச் சொல்றேன்."

கரண்டி மறுபடியும் மணிக்கட்டில் விழுந்தது. முதலாளியம்மா நான்காவதையும் வாயில் போட்டுக்கொண்டு, வெறும் தட்டைக் கணவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

மீதி நாட்கள் ஒரே மாதிரிப் போயின. பொழுது சாய்ந்ததும் முதலாளி தொப்பி போட்டுக்கொண்டு பாகு காய்ச்சுவார். அவரை ஒப்படைத்துவிட்டு அக்காவும் தம்பியும் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சாப்பிட்டுத் தீர்ப்பார்கள். குளிர்ந்த பால், சர்க்கரைப் பழம், இலையில் மடித்தது, பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ. பவுடர் பாலா என்று யாரும் பார்க்கவில்லை. ஏப்ரனோடு தன்னைப் படம் எடுக்கச் சொல்லித் தம்பியைத் தொல்லை செய்தார் முதலாளி. 'வெளிநாட்டில் நேரடிப் பயிற்சி பெற்றவர்' என்று பேனர் அடிக்க வேண்டுமாம். மணிக்கட்டில் இருந்த சிவப்புத் தடம் படத்தில் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்.

கடைசி நாள் வேலை முடிந்ததும் தொப்பிக்கார அம்மாள் சம்பளமாக அவர் கையில் ஒரு தட்டு கொடுத்தாள். நான்கு துண்டு. இத்தனை நாள் கிண்டியும் அவர் அதில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. மனைவி பக்கத்து ஸ்டூலில் இருந்தார். முதலாளி ஒன்றை எடுத்தார். பிய்க்கவில்லை. மோந்து பார்க்கவில்லை. தொழிலை மறந்து, பசித்த மனிதனாக வாயைத் திறந்தார்.

"இருங்க, இருங்க," என்றார் முதலாளியம்மா.

கையிலிருந்ததை வாங்கி, இரண்டாகப் பிய்த்து, தெருவிளக்கில் ஒரு பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்தார். வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"இன்னைக்குப் பாகு கொஞ்சம் சரியில்ல," என்றார். "யாரு காய்ச்சினது?"

ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாதல்லவா? தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.