முன்கால் இறங்கும் இடம்

முன்னே எடுத்த என் இடது கால் இன்னும் தரையைத் தொடவில்லை. காலையில் எடுத்தது. இப்போது வெயில் சாய்ந்துவிட்டது.

பேஸ்பாலில் முன்காலை ஒரு சாண்தான் நகர்த்த வேண்டும். அது இறங்கிய பிறகே மட்டையைச் சுழற்றலாம். நானோ சின்ன வயதிலிருந்து கிரிக்கெட் ஆடியவன். பந்தைத் தேடிப் போகிற கால் இது. போய்க்கொண்டே இருந்தது.

பின்கால் மைதானத்தில் ஊன்றி நின்றது. முன்கால் தபால் நிலையத்தைத் தாண்டிவிட்டது. இடையில் நான் நீண்டுகொண்டிருந்தேன். வலி இல்லை. கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பந்தும் வந்து சேரவில்லை. எறிந்தவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். பந்து பாதி வழியில் மிதந்துகொண்டிருந்தது.

முதல் பேஸ் என்கிற வெள்ளைத் தலையணைக்குப் பக்கத்தில் என் மனைவி ஜெசிந்தா பெட்டியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் திண்டுக்கல் பஸ் உறுமியது. நான் அடித்துவிட்டு ஓடிவந்து தலையணையைக் காலால் தொட்டால் என்னோடு வீட்டுக்கு வருவாள். இல்லாவிட்டால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அப்படித்தான் விதி. எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னும் எவ்ளோ நேரங்க?"

"கால் இறங்கணும்ல."

"எப்பவும் இதத்தான் சொல்றீங்க."

நடுவர் வருவேல் குனிந்து என் பின்காலைப் பார்த்தார்.

"இது யாரு காலு?"

"என்னுதுதான் சார்."

"முன்னாடி போறது?"

"அதுவும் என்னுதுதான்."

"ஒரு ஆளு ஒரு எடத்துலதான் சார் நிக்க முடியும்."

முன்காலைக் கூப்பிட்டேன். திரும்பி வந்தது. யார் வீட்டு வாசலிலிருந்தோ பறந்த கோலமாவு ஒட்டியிருந்தது. ஒரு சாண் தள்ளி மெதுவாக இறங்கியது. உடனே பின்குதிகால் திரும்பியது. இடுப்பு திரும்பியது. மட்டை சுழன்றது. அப்போதுதான் வந்து சேர்ந்த பந்து நன்றாக அடி வாங்கிக்கொண்டு மேகத்துக்குள் போனது. பஸ் கண்டக்டர்கூடக் கை தட்டினார்.

ஓடினேன்.

"மட்டைய கீழ போட்டுட்டு வாங்க!" என்று ஜெசிந்தா கத்தினாள்.

பேஸ்பாலில் அடித்ததும் மட்டையைப் போட்டுவிட வேண்டும். எனக்குத் தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை.

மேகத்துக்குள்ளிருந்து யாரோ பந்தைத் திருப்பி எறிந்தார்கள். பதறிப்போனேன். பழக்க தோஷம், கிரிக்கெட்டில் கோட்டைத் தொடுவதுபோல மட்டையை நீட்டித் தலையணையைத் தொட்டுவிட்டேன். கால் இன்னும் வெளியே இருந்தது.

வருவேல் குனிந்து பார்த்தார்.

"மட்டை வந்துருச்சு. ஆளு வரல."

ஜெசிந்தா என் கையிலிருந்து மட்டையை வாங்கினாள். அதில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரத்தில் அதைச் சாய்த்து உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திண்டுக்கல் ரெண்டு குடுங்க" என்றாள் கண்டக்டரிடம்.