கிள்ளைக் காற்று செம்மண்டலம் வந்த விவரம்

கத்திரி வெயிலின் முதல் வாரத்தில், கிள்ளையிலிருந்து சிதம்பரம் வந்த டவுன் பஸ்ஸில், கடல்காற்று ஒன்று ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து மகளிருக்கான இலவச டிக்கெட்டில் பயணம் செய்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கடலூர் செம்மண்டலத்துத் தைலம்மாள். காற்று அவளுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது.

அந்த வருஷம் கடலூரில் வெயில் கொஞ்சம் ஜாஸ்தி. காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டு நிழல் பார்த்து நடந்து போயின. கொடியில் காயப்போட்ட சட்டைகள் தாமே இஸ்திரி ஆகி, தாமே மடிந்துகொண்டன. மாடித் தொட்டித் தண்ணீரைப் பிடித்துத் தூளைப் போட்டால் டீ தயார். பல வீடுகளில் காஸ் சிலிண்டர் தீரவே இல்லை. மத்தியானம் தேவனாம்பட்டினத்துப் பக்கமிருந்து கிளம்பி ஊருக்குள் வருகிற வழக்கமான கடல்காற்று, மஞ்சக்குப்பம் வரை வந்து, தார் ரோட்டில் கால் சுட்டுத் திரும்பிப் போனது. பிறகு வரவே இல்லை. அதை யாரும் குற்றம் சொல்லவில்லை.

தைலம்மாளின் மகள் ரேகா அப்போது நிறைமாசம். சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாது என்றுதான் புதுப்பெண்ணை ஆடியில் தாய் வீட்டுக்கு அனுப்புவார்கள். ரேகாவையும் சிதம்பரத்து மாமியார் அப்படித்தான் அனுப்பிவைத்தாள். ஆனால் புருஷன் ராஜவேல் அந்த ஆடி முழுக்க ஆபீஸ் வேலை என்று சொல்லிக் கடலூர் பஸ் ஏறிக்கொண்டிருந்தான். கடைசியில் டாக்டரம்மா சித்திரை முடிவில் நாள் குறித்துவிட்டார்.

ராஜவேலின் அம்மா முத்தம்மாள் செம்மண்டலம் வந்து, மகனை ஒரு வார்த்தை சொல்லாமல், வீட்டைக் குறை சொன்னாள். பையிலிருந்து ஓர் அப்பளத்தை எடுத்துச் சுவரில் ஒட்டினாள். அது பொரிந்து கீழே விழுந்தது.

"பாத்தீங்களா சம்மந்தி? இந்த அடுப்புக்குள்ளயா எம்மருமவ புள்ள பெத்துக்கிட்டுக் கெடக்கணும்? வெள்ளிக்கெழம காரோட வர்றேன். எங்கூட்ல ஏசி இருக்குது."

"தலப்பிரசவம் தாய்வூட்லதான். வெயிலு என்னா எனக்கு மாமனாரா, பயந்து ஒதுங்கி நிக்க?" என்றாள் தைலம்மாள், பொரிந்த அப்பளத்தைக் கடித்துக்கொண்டே.

மறுநாளே தான் பிறந்த கிள்ளைக்குப் போனாள். கிள்ளைக் காற்று பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டுச் சுரபுன்னை வேர்களுக்குள் நுழைந்து நுழைந்து வளர்ந்தது. சேற்றிலும் நடக்கும், சூட்டையும் தாங்கும். தைலம்மாள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, "என்னைக் கட்டிக் குடுத்தப்ப இந்த ஊரு ஒழுங்கா ஒரு குடம்கூட சீரு செய்யல. இப்ப எம்பொண்ணுக்குச் செய்யி. கெளம்பு!" என்றாள். காற்று சற்று யோசித்தது. பிறகு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டது.

கண்டக்டர் செந்தமிழ்செல்வன் விதிப்படி நடப்பவர்.

"ஏம்மா, ஜன்னல் சீட்டுல யாரு?"

"கடக்காத்து."

"லேடீஸா, ஜென்ஸா?"

"எங்கூருப் பொண்ணுய்யா. முந்தானயப் புடிச்சிக்கிட்டு வருதே, தெரியல?"

அவர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். காற்று அதை வாங்கி உடனே பறக்கவிட்டது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில்தான் சிக்கல் வந்தது. இறங்கிய காற்றை அங்கே நின்ற ஜனமெல்லாம் கண்ணை மூடி இழுத்து மூச்சுவிட ஆரம்பித்தது. ஆட்டோக்காரர்கள் சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். போகிற போக்கில் காற்று தீர்ந்துவிடும் போலிருந்தது. பக்கத்துத் தெருவில் குடியிருந்த முத்தம்மாளின் காதுக்குச் சேதி போக, அவள் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"இவ்ளோ தூரம் கொண்டாந்துட்டீங்க. எங்கூட்லயே விட்டுட்டுப் போங்க சம்மந்தி. ரேகாவயும் இங்கியே வரச் சொல்லிடுவோம்."

"உங்களுக்குத்தான் ஏசி இருக்குதே!"

"கரண்டு வந்தாத்தானே ஏசி?"

"அது உங்க பாடு. இது எங்கம்மாவூட்டுச் சீரு. சீருல பங்கு கேக்கறது எந்த ஊரு வழக்கம்?"

இந்தப் பேச்சைக் கேட்டதும் காற்றுக்கு ரோஷம் வந்து, ஜனத்தை உதறிக்கொண்டு கடலூர் பஸ்ஸுக்குள் தாவி ஏறியது. அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் அப்படித் தூங்கினார்கள். புதுச்சத்திரத்தில் இறங்க வேண்டியவர்களும் ஆலப்பாக்கத்தில் இறங்க வேண்டியவர்களும் கடலூரில்தான் விழித்தார்கள். ஒருவர்கூடச் சண்டை போடவில்லை.

காற்று செம்மண்டலத்து வீட்டுக்குள் போனதைப் பார்த்த சூரியனுக்கு ஆங்காரம். அன்று சாயங்காலம் மேற்கே இறங்காமல் அந்த மாடிக்கு நேர் மேலேயே நின்றுகொண்டது. தைலம்மாள் துடைப்பத்தோடு மாடி ஏறினாள். "நில்லு. எவ்ளோ நேரம் நிப்ப? நானும் நிக்கிறேன்" என்று இடுப்பில் கையை வைத்தாள். தெருவில் விளக்குப் போட மறந்து ஜனம் வேடிக்கை பார்த்தது. கடைசியில் சூரியன்தான் வியர்த்துப்போய் அவசரமாக மறைந்தது.

வெள்ளிக்கிழமை முத்தம்மாள் சொன்னபடியே காரோடு வந்தாள். "பொண்ணக் கெளப்புங்க" என்று வாசலில் நின்றபடி அதட்டினாள். காற்று அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தது. "சரி, ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டுப் போறேன்" என்று உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். டிரைவரும் தூங்கிப்போனான். விடியற்காலையில் ரேகாவுக்கு வலி கண்டபோது அந்தக் கார்தான் ஆஸ்பத்திரிக்கு உதவியது. பெண் குழந்தை. சித்திரையேதான்.

குழந்தையைச் செம்மண்டலத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, "சித்திரையில பொறந்தா குடும்பத்துக்கு ஆவாதும்பாங்க" என்று முத்தம்மாள் இழுத்தாள்.

"சொல்றவங்கள நடு மத்தியானத்துல வந்து எம்மாடியில நின்னு சொல்லச் சொல்லுங்க" என்றாள் தைலம்மாள். அதற்காக யாரும் வரவில்லை.

முத்தம்மாளும் ஊருக்குப் போகவில்லை. ஏசி வீட்டுச் சாவியை மகனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, கூடத்தில் பாயை விரித்துக்கொண்டாள்.

"சம்மந்தி, வாசப்படிய மறிச்சிப் படுக்காதீங்க. காத்து போவ வர வழி வேணாமா?" என்றாள் தைலம்மாள்.

முத்தம்மாள் எழுந்து பாயைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.