ஐந்தாவது எலும்பு

கிண்ணியாவில் ஷிஃபானா ஈட்டி எறிவதற்காக முதலில் சண்டை பிடித்தவள் அவளுடைய உம்மா பரீனாதான்.

பதினைந்து வயதில், வராமல் போன ஒருத்திக்குப் பதிலாகப் பள்ளிக்கூடப் போட்டியில் இறங்கி, இரவல் சப்பாத்தோடு எறிந்து, மாகாண மட்டம் வரை போன பிள்ளை அவள். வீட்டில் அதற்குப் பெரிய வரவேற்பு இருக்கவில்லை. வாப்பா மஹ்ரூப் கந்தளாய்ப் பக்கம் வயல் செய்கிறவர். கிழமையில் நாலு நாள் அங்கேதான் இருப்பார். "பொம்புளப் புள்ள, இனிக் காணும்" என்றார். அவருடைய தங்கை சனூஸா, "ஊர் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சீங்களா?" என்று கேட்டாள்.

பரீனா மசியவில்லை. "நான் கூடவே போறன். என்ட கண்ணுக்கு முன்னால எறியட்டும். அதுக்குப் புறகு ஆர் என்ன கதைக்கிறது?" என்றாள். அன்றிலிருந்து விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு மகளுடன் மைதானத்துக்குப் போனாள். ஈட்டி விழுந்த இடத்துக்கு ஓடிப்போய் அளவு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பதினேழாவது வயதில் மாகாணத்தில் முதலாம் இடம் கிடைத்தது. அடுத்த இலக்கு தேசியப் போட்டி. அந்த மாசி மாதத்தில்தான் ஷிஃபானா முதன்முதலாகச் சொன்னாள்:

"உம்மா, நடு இடுப்புல நோகுது. எறியக்குள்ள கத்தியால குத்துற மாதிரி."

பரீனா தைலம் பூசி உருவிவிட்டாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். இரண்டு கிழமை பார்த்துவிட்டு ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் தெரியவில்லை, தசைப்பிடிப்பாக இருக்கலாம், ஒரு கிழமை ஓய்வு போதும் என்று சொல்லி மாத்திரை தந்தார்கள்.

ஒரு கிழமை ஓய்வில் நோவு போனது. மைதானத்துக்குப் போன மூன்றாம் நாளே திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் பரீனாவின் மனதில் வேறொரு எண்ணம் நுழைந்தது. நோன்புப் பெருநாளன்று சனூஸா வந்து மகளைத் தனியாக அறைக்குள் வைத்துக் கதைத்துவிட்டுப் போனதை அவள் கண்டிருந்தாள். என்ன கதைத்தாள் என்று கேட்டதற்கு ஷிஃபானா, "சும்மா" என்றாள். பெருநாளுக்குப் பிறகு நோவு என்ற சொல் வீட்டில் அடிக்கடி கேட்டது. மாமி பயங்காட்டிவிட்டாள், பிள்ளை பின்வாங்கிவிட்டது, அதைச் சொல்லத் தைரியமில்லாமல் முதுகைச் சாட்டுகிறது என்று பரீனா முடிவுகட்டினாள்.

அதற்கு அவளிடம் அத்தாட்சியும் இருந்தது. ஷிஃபானா குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுவாள், முகம் மாறாது. தொழுகையில் சுஜூதுக்குப் போய் நெற்றியை நிலத்தில் வைத்திருப்பாள். மற்றவர்களைவிட நீண்ட நேரம் அப்படியே இருப்பாள்.

"சுஜூதுல நோகல்லயா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இல்ல. அப்பிடி இரிக்கக்குள்ளதான் சுகமா இரிக்கி."

"குனியக்குள்ள நோகாத முதுகு, எறியக்குள்ள மட்டும் நோகுதா? ஆர ஏய்க்கிறாய்?"

ஷிஃபானா உடுப்புக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கொடியில் ஈர உடுப்பு விரிக்கும்போது இரண்டு கையையும் மேலே தூக்க முடியாமல் அவள் தடுமாறியதைப் பரீனா கண்டாள். அதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டாள்.

"எக்ஸ்ரே பொய் சொல்லாது, புள்ள. எறிய விருப்பமில்லாட்டி விருப்பமில்லையெண்டு சொல்லு. நோவெண்டு சொல்லி ஒளியாத. உனக்காக நான் எத்தின பேரோட மல்லுக்கட்டினனான் தெரியுமா?"

அன்றிலிருந்து ஷிஃபானா நோவைப் பற்றிக் கதைப்பதை நிறுத்தினாள். உம்மாவுக்கு அது வெற்றி போலத் தெரிந்தது.

ஆனி மாதத்தில் அந்த வருட மாகாணப் போட்டி திருகோணமலை டவுனில் நடந்தது. தேசியப் போட்டிக்குப் போக அதில் மறுபடியும் தெரிவாக வேண்டும். வெயில் சுட்டது. ஷிஃபானா கழிப்பறைப் பக்கம் போய் இரண்டு மாத்திரையை ஒன்றாக விழுங்கினாள். அதைப் பின்னால்தான் சொன்னாள். முதல் எறி சுமார். இரண்டாவது அதைவிடக் குறைவு. மூன்றாவதுக்கு ஓடிவந்து, இடது காலை ஊன்றி, உடம்பைப் பின்னால் வில்லாக வளைத்தாள். ஈட்டி கையைவிட்டுப் போனது. அவள் அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்தாள். ஈட்டி எங்கே விழுந்தது என்று பரீனா திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மகளைப் பார்த்தாள். அந்த ஒரு நொடிக்காகப் பிறகு எத்தனையோ நாள் அவள் தன்னையே வெறுத்தாள்.

"எழும்பு புள்ள."

"ஏலா உம்மா. கால் வருதில்ல."

நான்கு பேர் தூக்கித்தான் வாகனத்தில் ஏற்றினார்கள்.

வைத்தியசாலையில் இரண்டு நாள் படுத்திருந்து, கால் விறைப்புக் குறைந்த பிறகு, எலும்பு வைத்தியர் அவளை எழுப்பி நிறுத்தினார். நடுத்தர வயது, மெல்லிய குரல். குனியச் சொன்னார். குனிந்தாள். பிறகு அவளுடைய இரண்டு தோளையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "ஒரு கால்ல நிண்டு, மெல்லமாப் பின்னால சாயுங்கோ" என்றார். நாலு விரல் அளவு சாய்வதற்குள் ஷிஃபானா அலறினாள். மறு காலில் நின்றபோதும் அப்படித்தான்.

பரீனாவுக்கு அந்த அலறலை விட வைத்தியர் அடுத்துச் சொன்னதுதான் உள்ளே இறங்கியது.

"இந்த நோவு குனியேக்க வராது. பின்னால வளையேக்கதான் வரும். அதுதான் இதின்ர அடையாளம்."

ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்பின் அடியில், இடுப்புப் பகுதியின் ஐந்தாவது எலும்பு. அதன் பின்பக்கத்தில் இரண்டு புறமும் மெல்லிய பாலம் மாதிரி ஒரு பகுதி. இரண்டு பாலத்திலும் கீறல் விழுந்திருந்தது.

"விழுந்து முறிஞ்சதில்லை இது. ஒரு கம்பிய ஒரே இடத்தில திரும்பத் திரும்ப வளைச்சா என்ன நடக்கும்? அப்பிடித்தான். வளர்ற வயசுப் பிள்ளையள், எறியிறவை, பந்து வீசுறவைக்கு வாறது."

"எக்ஸ்ரேயில ஒண்டும் இல்லையெண்டு சொன்னாங்களே டொக்டர்," என்றாள் பரீனா. தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"தொடக்கத்தில எக்ஸ்ரேயில தெரியாது அம்மா. அது அவையின்ர பிழையும் இல்லை. திரும்ப நோகுதெண்டா திரும்பக் காட்டவேணும், அவ்வளவுதான்." அவர் ஷிஃபானாவின் பக்கம் திரும்பினார். "எவ்வளவு காலமா நோகுது?"

ஷிஃபானா உம்மாவை ஒருதடவை பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"ரெண்டு கிழமை."

"ரெண்டு கிழமைதானா? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. விளிம்பு கொஞ்சம் பழசு மாதிரிக் கிடக்கு."

"ஓம். ரெண்டு கிழமைதான்."

பரீனா அதைத் திருத்தவில்லை. புது முறிவென்றால் சீக்கிரம் பொருந்தும், ஆறு கிழமை முதுகை அசையாமல் பிடிக்கும் பட்டி போட்டுப் பார்ப்போம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். அவர்கள் வெளியே வந்தார்கள்.

ஓட்டோ பின் இருக்கையில் ஷிஃபானா சாய்ந்து படுத்திருந்தாள். பரீனா அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தாள். தன்னைக் காப்பாற்றத்தான் மகள் பொய் சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியும். உண்மை சொன்ன காலமெல்லாம் பொய்க்காரி என்று ஏச்சு வாங்கிய பிள்ளை, இப்போது முதன்முறையாகப் பொய் சொல்லியிருக்கிறது. சீனக்குடா வந்தது. ரயில் கடவையில் ஓட்டோ நின்றபோது பரீனா முன்னால் குனிந்தாள்.

"தம்பி, திருப்புங்க. ஆஸ்பத்திரிக்கே போங்க."

"என்ன உம்மா? எதையும் விட்டுட்டு வந்தீங்களா?"

"ஓம்," என்றாள் பரீனா.

வைத்தியரின் அறை வாசலில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அவள் வரிசையைத் தாண்டி உள்ளே போனாள். நின்றபடியே சொன்னாள்:

"டொக்டர், ரெண்டு கிழமையில்ல. நாலு மாசம். மாசியில இருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தவள். நான்தான் நம்பல்ல. நான்தான் எறிய வெச்சனான்."

வைத்தியர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் எழுதியதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார்.

"சொன்னது நல்லம். நாலு மாசமெண்டா கதை வேற. மூண்டு மாசம் பட்டி போடவேணும், குளிக்கேக்க மட்டும் கழட்டலாம். எறியிறது, ஓடுறது, பாரம் தூக்கிறது ஒண்டும் கூடாது. பிறகு திரும்ப ஸ்கேன். ரெண்டு பக்கமும் பொருந்துமெண்டு நான் வாக்குத் தரமாட்டன்."

கடும் வெயில் காலம். பட்டி மார்பின் கீழிருந்து இடுப்பு வரை இறுக்கிப் பிடித்தது. வியர்வையில் தோல் சிவந்து கொப்புளம் போட்டது. ஷிஃபானா கதிரையில் இருந்து தொழுதாள். வாளியில் தண்ணீர் தூக்க விடாமல், புத்தகப் பையைத் தொட விடாமல் பரீனா பின்னாலேயே திரிந்தாள். வேலைக்காரி போல எந்த நேரமும், "என்ன வேணும் புள்ள?" என்று நின்றாள். ஷிஃபானா தேவையானதை மட்டும் சொல்வாள்.

மஹ்ரூப் கந்தளாயில் இருந்து வரும்போதெல்லாம் எதுவும் கேட்காமல் மகளின் பக்கத்தில் இருந்துவிட்டுப் போனார். சனூஸா ஒருநாள் வந்து, "நான் அப்பவே சொன்னனான்" என்று தொடங்கினாள். உள்ளேயிருந்து ஷிஃபானாவின் குரல் வந்தது.

"மாமி, நீங்க சொன்னது ஊர் கதைக்கும் எண்டு. என்ட முதுகப் பத்தி ஆரும் சொல்லல்ல."

கிழமைக்கு ஒருதடவை உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு டவுனுக்குப் போனார்கள். அங்கே கீர்த்தனி என்ற இளம்பெண் ஷிஃபானாவை மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றை உள்ளிழுத்துப் பிடிக்கவும், காலை ஒவ்வொன்றாக மெல்ல அசைக்கவும் பழக்கினாள். ஒருநாள் பரீனா குறுக்கிட்டு, "பாத்து, நோகப்போகுது" என்று மகளின் காலைப் பிடித்தாள்.

ஷிஃபானா எழுந்து உட்கார்ந்தாள்.

"நோகுதா இல்லையா எண்டு எனக்குத் தெரியும் உம்மா! அப்பயும் நீங்கதான் சொன்னீங்க, இப்பயும் நீங்கதான் சொல்லுறீங்க. என்ட உடம்பு எனக்கு என்ன சொல்லுதெண்டு ஒருக்காலாவது என்னட்டக் கேட்டீங்களா?" அவள் அழத் தொடங்கினாள். "நோவ நான் தாங்கினன். நீங்க நம்பாம விட்டதத்தான் தாங்க ஏலாமப் போச்சு."

கீர்த்தனி மெதுவாகத் திரைச்சீலையை இழுத்துவிட்டு வெளியே போனாள்.

பரீனா மகளின் காலிலிருந்து கையை எடுத்தாள். "மன்னிச்சிரு புள்ள," என்றாள். "சனூஸாக்குப் பயந்து எறியிறத விடுறாயெண்டு நினைச்சன். உண்மையச் சொன்னா, நீ விட்டா நான் தோத்துப்போவனெண்டுதான் நினைச்சனான். உன்ட முதுகப் பத்தி நினைக்கல்ல."

ஷிஃபானா நெடுநேரம் அழுதாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு உம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தேசியப் போட்டி புரட்டாதியில் வந்து போனது. அன்று அவர்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஐப்பசியில் இரண்டாவது ஸ்கேன். வலது பக்கம் பொருந்தியிருந்தது. இடது பக்கம் பொருந்தவில்லை. இனிப் பொருந்தும் என்று எதிர்பார்க்க ஏலாது என்றார் வைத்தியர்.

"இப்பிடியே எத்தினையோ பேர் நோவில்லாம சீவிக்கினம். தசைகளப் பலமாக்கினா அது எலும்பத் தாங்கும். ஈட்டி எறியலாமா எண்டது ஆறு மாசம் கழிச்சுப் பாப்பம். எறிஞ்சாலும் பழையபடி எறிய ஏலுமெண்டு சொல்லமாட்டன்."

"எறியவேணுமா எண்டு எனக்கே தெரியாது டொக்டர்," என்றாள் ஷிஃபானா. பரீனா எதுவும் சொல்லாமல் இருந்தாள். அது அவளுக்கு இலகுவாக இருக்கவில்லை.

உயர்தரப் பரீட்சையை ஷிஃபானா மண்டபத்தின் பின்வரிசையில் இருந்து எழுதினாள். அரை மணித்தியாலத்துக்கு ஒருதடவை எழுந்து நிற்க அனுமதி வாங்கியிருந்தார்கள். மழைக்காலத்தில் காலையில் இடுப்பு விறைத்துக்கொண்டு, கட்டிலை விட்டு இறங்க நேரம் எடுத்தது. பயிற்சியை ஒருநாளும் விடவில்லை.

சித்திரையில் வைத்தியர், ஓடாமல் நின்றபடியே பாரமில்லாத பந்து எறிந்து பார்க்கலாம் என்றார். மறுநாள் காலை ஷிஃபானா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "நான் தனியப் போறன்" என்றாள். பரீனா வாசல் கதவைத் திறந்துவிட்டாள். பிறகு குசினிக்குள் போய், வேலையில்லாத வேலையெல்லாம் செய்தாள்.

ஒரு மணித்தியாலம் ஆகுமென்று நினைத்தாள். இருபது நிமிடத்தில் மகள் திரும்பி வந்துவிட்டாள். முகத்தில் தூசும் வியர்வையும்.

"பத்துத்தரம் எறிஞ்சன். பதினொண்டாவதுக்கு இடப்பக்கம் இழுத்திச்சு. நிப்பாட்டிட்டு வந்துட்டன்."

பரீனா அடுப்பைத் தணித்தாள். எவ்வளவு தூரம் போனது என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை.

"நல்லதுதான் செய்தாய்," என்றாள். "இரி, தேத்தண்ணி தாறன்."