ஊரைப் பார்க்காத கிடங்கு

எங்கள் துறைமுகத் தானியக் கிடங்குக்குக் கடலைப் பார்த்து ஏழு கதவுகள். ஊரைப் பார்த்து ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. கட்டிய துரைமார்களுக்கு ஊரோடு என்ன பேச்சு? விளைவதை அள்ளிக் கப்பலில் ஏற்றினால் போதும். அவர்கள் போய் அறுபது வருடம் ஆகிறது. கதவுகள் இன்னும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நான் அங்கே எடை போட்டே கிழவனானவன். பொய் சொன்னால் தராசு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், நான் சொல்வதை நீங்கள் தாராளமாக நம்பலாம்.

அந்த வருடம் மழை இல்லை. பாதி வயலில் துரைமார் காலத்துப் பழக்கத்தில் பருத்தி. அது சட்டைக்கு ஆகும், சட்டிக்கு ஆகாது. மீதி வயலில் விளைந்த சோளம் அப்படியே கிடங்குக்கு வந்து கப்பலுக்காகக் காத்திருந்தது. கிடங்கின் பின்சுவரை ஒட்டித்தான் என் தங்கை வீடு. மூன்று பிள்ளைகள். இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் அடுப்பு எரிந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் சுருண்டு கிடக்க, அந்தப் பக்கம் எலிகள் கொழுத்துப்போய், எதிரே வரும் பூனையை ஒதுங்கச் சொல்லிக் கனைத்தன.

மேலாளரிடம் போனேன். மோசமான மனிதர் இல்லை. அவருடைய பெல்ட்டிலேயே அந்த மாதம் நான்கு புதிய ஓட்டைகள்.

"ஐயா, நாலு மூட்டையாவது வெளிய விடுங்க. பிள்ளைங்க பட்டினில துவண்டு போச்சு."

தடித்த விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "சரக்கு கடல் கதவு வழியாத்தான் வெளிய போகணும். கப்பல் தலைவர் கையெழுத்து வேணும். என்னை என்னய்யா பண்ணச் சொல்ற?"

"எழுதினவன்தான் போயிட்டானே!"

"போனவன் புத்தகத்தை விட்டுட்டுல்ல போயிருக்கான்!"

தங்கையின் கணவன் அங்கேதான் மூட்டை தூக்குகிறான். "கப்பல்தானே மச்சான்? பண்ணிட்டாப் போச்சு" என்றான். பத்துப் பழைய பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிட்டான். அலமாரியில் துரை விட்டுப்போன, பூச்சி அரித்த தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கையெழுத்தும் போட்டான். தொப்பியைக் கண்டதும் மேலாளர் எழுந்து நின்றுவிட்டார். பழக்கதோஷம்.

பன்னிரண்டு மூட்டை ஏற்றி, கண்ணுக்குக் கரை மறையும் தூரம் போய்த் திரும்பி வந்தோம். கரையில் மேலாளர் புத்தகத்தோடு நிற்கிறார்.

"கடல் வழியா வர்ற தானியம் கிடங்குக்குள்ளதான் இறங்கணும். அதுவும் ரூல்தான்."

"நம்ம மூட்டைங்கய்யா இது! காலைல நீங்கதானே அனுப்புனீங்க!"

"அது ஏற்றுமதி. இது இறக்குமதி."

பன்னிரண்டும் ஏழாவது கதவு வழியாக உள்ளே போயின. புத்தகம் என்றாவது சலித்துப்போகாதா என்று ஏழு நாள் இதையே செய்தோம். எண்பத்து நான்கு மூட்டை போயின, எண்பத்து நான்கு வந்தன. நாட்டின் வர்த்தகம் ஓங்குகிறது என்று தலைநகரத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்ததுதான் மிச்சம். கடைசிக் குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

கடிதத்தைத் தங்கையிடம் காட்டினேன்.

"இதை வேகவச்சுக் குடுக்கலாமாண்ணே?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கடப்பாரையோடு கொல்லைக்குப் போய்விட்டாள்.

முதல் அடிக்குச் சுவர் அசையவில்லை. பத்தாவது அடிக்கு ஒரு கல் விழுந்தது; பின்னாலேயே சோளம். கொட்டு கொட்டென்று கொட்டி அவள் முழங்காலை மூடியது. எலிகள் வரிசையாக வெளியே வந்து, எங்களை முறைத்துவிட்டுப் போயின. தெருவே பாத்திரத்தோடு திரண்டது. மேலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏம்மா, கதவு வழியாத்தான் போகணும்னு ரூல் இருக்கு!"

"இது கதவாய்யா? ஓட்டை. ஓட்டைக்கு என்ன ரூல்னு பார்த்துச் சொல்லுங்க."

அவர் அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். நல்ல மனிதர், மெதுவாகவே படித்தார். மூன்றாம் நாள் படித்து முடித்தபோது கிடங்கு காலி. அன்று தங்கை வீட்டுப் பிள்ளைகள் மூன்றும் போட்ட சண்டை தெருமுனைவரை கேட்டது.

ஊர்ப் பக்கம் ஒரு கதவு வைக்கச் சொல்லித் தலைநகர அலுவலகத்துக்கு நாற்பது மனு எழுதினோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஓட்டையை அடைக்கும் உத்தரவு மட்டும் இரண்டே நாளில் வந்தது. அந்த அலுவலகம் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வேகமாக எதையும் செய்ததில்லை. கொத்தனார் எங்கள் தெருக்காரர். மணல் போட்டார், தண்ணீர் ஊற்றினார்; சிமெண்டை ஏனோ மறந்துவிட்டார்.

இந்த வருடமும் மழை இல்லை. கிடங்கு நிறைந்திருக்கிறது. நேற்று மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "ஓட்டையைப் பத்தி ஏதோ ஒரு பக்கத்தை விட்டுட்டேன்னு தோணுதுப்பா, திரும்பவும் முதல்ல இருந்து படிக்கணும்" என்றார்.

தங்கை பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்.